சாட்சியில்லாத வழக்கு

சிவகங்கையிலிருந்து தொண்டி செல்லும் சாலையில் கொல்லங்குடி. அதையொட்டிய அரியாக்குறிச்சியில் இருக்கிறாள் வெட்டுடையார் காளியம்மன். பணத்திலோ நகையிலோ நிலத்திலோ ஒருவர் நம்பி ஏமாந்துவிட்டால் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "பேசாம கொல்லங்குடிக்குப் போயி காசு வெட்டிப் போட்டுட்டு வா." போகிறவர் குளித்துவிட்டு அம்மன் முன் நிற்கிறார். நடந்ததைச் செய்தவரின் பெயரோடு சொல்கிறார். ஒரு நாணயத்தைக் கல்லின்மேல் வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போடுகிறார். பிறகு ஊர் திரும்புகிறார். வழக்கு அம்மன் கைக்குப் போய்விட்டது. இனி அதை நடத்துவது அவர் வேலையில்லை.

அந்தக் கடைசிச் செய்திதான் இந்தக் கட்டுரையின் அக்கறை. துரோகத்துக்கு ஆளான ஒருவர் 'இனி இது என் வேலையில்லை' என்று சொல்ல முடிவது எப்படி? அது தோல்வியா, தந்திரமா, மூடநம்பிக்கையா, அல்லது விசுவாசத்தின் கடினமான வடிவங்களில் ஒன்றா?

துரோகத்துக்கு மற்றக் குற்றங்களுக்கில்லாத ஓர் இயல்பு உண்டு. அது நடப்பதற்கு முன்பே அதற்கான சாட்சி இல்லாமல் போயிருக்கும். முன்பின் தெரியாதவருக்குக் கடன் கொடுத்தால் புரோநோட்டு எழுதி வாங்குவோம். உடன்பிறந்தவருக்குக் கைமாற்றாகக் கொடுக்கும்போது எழுதிக் கேட்பதே அவமரியாதை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சீட்டுக் கட்டுகிறவள் ரசீது கேட்பதில்லை. வெளிநாடு போகும் தம்பி அண்ணன் பெயருக்கு நிலத்தை எழுதி வைக்கிறபோது, திரும்பி வந்தால் மாற்றித் தருவான் என்பதற்கு இரண்டு பேரின் மனசு மட்டும்தான் பத்திரம். நம்பிக்கை எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு எழுத்து குறையும். அந்த நம்பிக்கை உடையும்போது பாதிக்கப்பட்டவரின் கையில் காட்டுவதற்கு எதுவும் இருப்பதில்லை.

சட்டம் இதை அறியாததல்ல. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 405-ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடியை வரையறுத்து 406-இல் தண்டனை சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316-ஆம் பிரிவு. ஆனால் மோசடியை நிரூபிப்பதற்கு முன், பொருளை ஒப்படைத்ததையே நிரூபிக்க வேண்டும். அண்ணியின் கையில் கழற்றிக் கொடுத்த தாலிக்கொடிக்கு யார் சாட்சி? அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கொடுத்தவள், ஒருத்தி மறுப்பவள். மூன்றாவதாக அங்கே இருந்தது தெய்வம் மட்டும்தான் என்று கொடுத்தவள் நினைப்பதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. பார்த்தவரிடம் போய்த்தானே முறையிட முடியும்.

ஆனால் எல்லாத் தெய்வங்களிடமும் போய் இப்படி நிற்பதில்லை. இதற்கென்று சில தெய்வங்கள் இருக்கின்றன. அவை யார் என்று பார்த்தால் ஆச்சரியமான ஓர் ஒற்றுமை தெரிகிறது.

கொல்லங்குடியில் வழங்கும் செவிவழிக் கதை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1772 ஜூன் 25 அன்று காளையார்கோயிலில் நடந்த தாக்குதலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையாலும் ஆற்காட்டு நவாபின் படையாலும் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியார் தப்பித் திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சிக்குப் போனார். அவர் போன வழி எதுவென்று துரத்தி வந்தவர்கள் உடையாள் என்னும் பெண்ணைப் பிடித்துக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியும். சொல்ல மறுத்தாள். தலை வெட்டப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து, 1780-இல், சீமையை மீட்டுத் திரும்பிய நாச்சியார் அவளுக்கு நடுகல் நட்டுத் தன் தாலியையே முதல் காணிக்கையாக்கினார் என்கிறது கதை. வெட்டுப்பட்ட உடையாள்தான் வெட்டுடையாள். கோயில் பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் மக்கள் மனத்தில் நிலைத்தது இதுதான். அது நிலைத்ததற்கு ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. காட்டிக்கொடுக்க மறுத்து உயிரை விட்டவளிடம்தான் காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் வழக்குக் கொண்டுபோகிறார்கள். துரோகம் செய்யாமல் இருப்பதற்கு என்ன விலை என்று அறிந்தவள் அவள். வேறு யாருக்கு இந்த வழக்கை விசாரிக்கும் தகுதி உண்டு?

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையில் மாசாணியம்மன். இவள் நிற்பதுமில்லை, அமர்வதுமில்லை, நெடுநீளமாகப் படுத்திருக்கிறாள். சந்நிதியில் ஒரு நீதிக்கல் உண்டு. களவு கொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் மிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசி முறையிடுகிறார்கள். அவளுடைய கதையைத் தல மரபு சங்க காலத்து நன்னனோடு இணைக்கிறது. ஆற்றில் மிதந்து வந்த காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணை நன்னன் கொன்ற செய்தி குறுந்தொகையின் 292-ஆம் பாட்டில் வருகிறது, பாடியவர் பரணர். தண்டத்துக்கு ஈடாக 81 யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் தர முன்வந்தும் அவன் கேட்கவில்லை. அந்தப் பாட்டு அகப்பாட்டு. தலைவியைக் காவலில் வைக்கும் தாயைத் தோழி திட்டுகிற இடம். நன்னன் போன நரகத்துக்கே இவளும் போகட்டும் என்று திட்டுகிறாள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நன்னன் நரகத்தில் இருக்கிறான் என்பதில் தோழிக்கு ஐயமே இல்லை. அரசனை விசாரிக்க மன்றம் இல்லாத காலத்தில், அவனுக்கான தீர்ப்பு ஊர்ப்பெண்களின் வசவுக்குள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறது.

உடையாளுக்கும் நீதி கிடைக்கவில்லை, மாசாணிக்கும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டில் பாடப்படும் தெய்வங்களில் பலர் இப்படி அநியாயமாகக் கொலையுண்டவர்களே. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1980-களில் இதை விரிவாக எழுதினார்: சாவின் கொடுமையே இங்கே மனிதரைத் தெய்வமாக்குகிறது. அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். அப்படித் தெய்வமானவர்களில் சிலரை மக்கள் நீதிபதியாகவும் ஆக்கினார்கள். அரியணையில் பிறந்தவரிடமோ நூல் கற்றவரிடமோ அவர்கள் போகவில்லை. தன் வழக்கில் தோற்றவளிடம் போனார்கள்.

மனித மன்றங்கள் மீதான சந்தேகமும் இதில் இருக்கிறது. பழையனூர் நீலி கதையை நினைத்துப் பார்க்கலாம். கணவனால் வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண், அடுத்த பிறவியில் அவனைத் தேடிப் பேயாக வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று வேளாளர் சபையில் வழக்குரைக்கிறாள். அவன் அஞ்சுகிறான். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று எழுபது வேளாளர்களும் வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். வாக்குக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. நல்லவர்கள் எழுபது பேர் கூடி, நேர்மையாக விசாரித்தும் கண்ணுக்குத் தெரிந்த சாட்சியத்தால் தவறிவிட முடியும் என்பது அந்தக் கதைக்குள் இருக்கும் அச்சம். அவர்கள் தவறுக்கு உயிரால் ஈடுகட்டினார்கள். இன்றைய எந்தத் தீர்ப்பாயத்திடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

தெய்வத்தின் மன்றமும் மனித மன்றமும் வெகுகாலம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தன என்பதும் மறக்கப்பட்ட செய்தி. 1873-ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. எதிராளி இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் அதற்கு நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சிக்காரர் சொல்லலாம். எதிராளியும் ஒப்புக்கொண்டு அப்படியே சத்தியம் செய்துவிட்டால், கேட்டவரைப் பொறுத்தவரை அந்தச் சாட்சியமே முடிவானது. சூடம் அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு, இரு தரப்பும் இசைந்தால், பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் அப்படி ஓர் எடை இருந்தது. 1965-இல் சட்ட ஆணையம் தன் 28-ஆம் அறிக்கையில் இந்தச் சட்டத்தை ஆராய்ந்தது. 1969-இல் வந்த புதிய சட்டத்தில் அந்த வழி இல்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சாதவன் எப்போதும் வென்றுவிடுவான் அல்லவா?

நீதிமன்றம் கோயிலைக் கைவிட்டாலும் கோயில் நீதிமன்றத்தின் மொழியை வைத்துக்கொண்டது. விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதி முருகனின் முன் வைத்துப் பிறகு கட்டிவிடுவார்கள். அதன் பெயர் பிராது கட்டுதல். குறை தீர்ந்ததும் திரும்பி வந்து அதை முடித்துக்கொள்வதற்கு ராஜினாமா என்று பெயர். வேலையை விடுவது என்ற பொருளில் இன்று நமக்குப் பழகிய அந்தச் சொல், பழைய கோர்ட்டு வழக்கில் இரு தரப்பும் இசைந்து வழக்கை முடிப்பதைக் குறித்தது. பிராது என்பதும் பாரசீக 'ஃபரியாத்' வழியாக வந்தது. அதன் வேர்ப்பொருள் மனுவுக்கும் முந்தையது: காப்பாற்று என்று எழுப்பும் கூக்குரல். கச்சேரியின் குமாஸ்தாக்கள் அந்தக் கூக்குரலைத் தாளாக்கினார்கள். மக்கள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு முருகனிடம் போனபோது அது மறுபடியும் கூக்குரலாயிற்று.

இதெல்லாம் வெறும் சாபம், சூனியத்துக்குப் பக்கத்து வீடு, இதைப் போய் இறைநம்பிக்கை என்பதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இலங்கையின் மானுடவியலாளர் கணநாத் ஒபேயசேகர 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் இதே கேள்விக்கு வேறு முனையிலிருந்து வந்தார். சிலாபம் பக்கத்து முன்னேசுவரம், தென்கரையின் சீனிகம போன்ற கோயில்களுக்குப் போய், எதிரியைத் தண்டிக்கும்படி வேண்ட வந்தவர்களை ஆராய்ந்தார். முன்னேசுவரத்தில் காளிமுன் தேங்காய் உடைக்க வருகிறவர்களில் சிங்கள பௌத்தர்களும் நிறையப் பேர். வஞ்சிக்கப்பட்டவரின் மனத்தில் திரண்டிருக்கும் கொலைவெறி இந்தச் சடங்குக்குள் போய்விடுகிறது, திட்டமிட்ட கொலையாக அது வெளியே வருவதில்லை என்பது அவர் வாதம். அவரைப் பொறுத்தவரை அந்தக் கோயில்கள் ஒரு வடிகால்.

வடிகால் என்ற விளக்கம் பாதி தூரம்தான் வருகிறது என்பது என் எண்ணம். வெறும் ஆத்திரம் தணிய வேண்டுமென்றால் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். தமிழ்ப் பெண்களுக்குத் தெரியாத வழியல்ல அது. காசு வெட்டுகிறவர் அதற்கும் மேலே ஒன்றைச் செய்கிறார். தன்னையும் விசாரணைக்கு உட்படுத்துகிறார். பொய்யாக வெட்டினால் வெட்டியவர் மேலேயே அது திரும்பும் என்பது கொல்லங்குடியில் எல்லோரும் அறிந்த விதி. அதனால் உளியை எடுப்பதற்கு முன் பலர் தயங்குகிறார்கள். என் பேரில் தப்பு எதுவும் இல்லையா, அவன் சொன்னதில் கொஞ்சமாவது உண்மை உண்டா என்று தனக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளாமல் அந்தக் கல்லுக்கு முன் நிற்க முடியாது. நீதிபதியை முழுசாக நம்புகிறவர்தான் தன் கணக்கையும் அவர் முன் திறந்து வைப்பார்.

இந்தத் தயக்கத்தின் ஆழம் தெரிய வேண்டுமானால் விவிலியத்தின் தாவீதைப் பார்க்க வேண்டும். துரோகத்தைப் பற்றிய மிக நுட்பமான சித்திரம் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. மகன் அப்சலோம் கலகம் செய்கிறான். தாவீதின் ஆலோசகனாயிருந்த அகித்தோப்பேல் அவன் பக்கம் போய்விடுகிறான். எதிரி செய்திருந்தால் தாங்கியிருப்பேன், என்னோடு கூடிக் கோயிலுக்கு நடந்த நண்பனல்லவா என்று குமுறும் 55-ஆம் சங்கீதத்தை இவனைக் குறித்ததாகவே மரபு வாசித்து வந்திருக்கிறது. தாவீது எருசலேமை விட்டு வெறுங்காலோடு அழுதுகொண்டு ஒலிவ மலையேறுகிறார். அகித்தோப்பேல் சேர்ந்துகொண்ட செய்தி அங்கேதான் வருகிறது. அவர் கேட்டது ஒரே ஒரு வரம்: அவன் ஆலோசனை பைத்தியமாகட்டும். சாவைக் கேட்கவில்லை.

கதை அதோடு நிற்பதில்லை. மலையுச்சியில் ஊசாய் என்னும் நண்பர் எதிர்ப்படுகிறார். தாவீது அவரைத் திருப்பி அனுப்புகிறார்: நீ அப்சலோமிடம் போய்ச் சேர்ந்தவன்போல் இரு, அகித்தோப்பேலின் ஆலோசனையை முறியடி. ஜெபித்த வாய் மூடுவதற்குள் ஆளும் அனுப்பியாயிற்று. சிலருக்கு இது நம்பிக்கைக் குறைவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீர்ப்பைக் கடவுளிடம் விட்டவர் தன் கையாலாகும் காரியத்தையும் விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பிரதி சொல்லவே இல்லை. ஊசாயின் பேச்சு எடுபட்டது. அகித்தோப்பேல் வீடு திரும்பித் தன் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டுத் தூக்கிட்டுக்கொண்டான்.

அவன் ஏன் மாறினான் என்று நூல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் பெயர்களைச் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒன்று கிடைக்கும். உரியாவின் மனைவி பத்சேபாளின் தந்தை எலியாம். தாவீதின் வீரர் பட்டியலில் எலியாம் என்பவன் அகித்தோப்பேலின் மகன். இரண்டு எலியாமும் ஒருவனே என்றால், தாவீது எவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் சூழ்ச்சியாய்ச் சாகவிட்டாரோ அவளுடைய பாட்டன் இந்த அகித்தோப்பேல். துரோகத்தால் அழுதுகொண்டு மலையேறுகிறவர் தானும் துரோகி. கொல்லங்குடியில் உளியைப் பிடித்த கை நடுங்குவது இதனால்தான்.

தெய்வத்திடம் விட்டதும் செயலை நிறுத்துவது நம்பிக்கையின் இலக்கணம் அல்ல என்பதற்கு நம் காலத்திலும் சாட்சிகள் உண்டு. கொழும்பில் ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமலாக்கப்பட்டார். அவர் மனைவி சந்தியா ஆட்கொணர்வு மனுப் போட்டார். ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். காளி கோயிலில் தேங்காயும் உடைத்தார். 2022 ஜனவரியில் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தலையை மழித்துக்கொண்டு முறையிட்டார். வன்னியில் 2009 மே மாதம், போரின் முடிவில், சரணடையச் சொன்னவர்களின் வாக்குறுதியை நம்பிப் பிள்ளைகளையும் கணவன்மாரையும் வட்டுவாகலில் தங்கள் கண்முன்னே ஒப்படைத்த பெண்கள் இருக்கிறார்கள். நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவர்கள் அவர்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு அவர்கள் தேர்ந்த இடம் கந்தசுவாமி கோயில் முன்றல். ஒரு கையில் மனு, ஒரு கையில் கற்பூரம். அவர்களுக்கு இரண்டும் ஒரே வழக்கு.

இந்த நம்பிக்கை வழி தவறும் இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். காசு வெட்டிய சேதி ஊருக்குத் தெரிந்தபின், பேர் சொல்லப்பட்டவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஊர் அதைத் தீர்ப்பாகப் படிக்கிறது. மாடு செத்தால் தீர்ப்பு, வண்டி கவிழ்ந்தால் தீர்ப்பு. குற்றம் செய்யாதவர்கூட உடம்புக்கு முடியாமல் படுத்தால் குற்றவாளியாகிவிடுகிறார். வழக்கைத் தெய்வத்திடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதும் பேனாவை நாமே பிடுங்கிக்கொள்ளும் செயல் இது. தெய்வம் நின்று கொல்லும் என்பதில் 'நின்று' என்ற சொல்தான் கனமானது. கொடுங்கோன்மையைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவரும் வதைபட்டவர் கண்ணீரைச் செல்வத்தைத் தேய்க்கும் படையாகவே கண்டார். தேய்வது மெல்ல நடப்பது, ஒருவேளை நம் ஆயுளுக்குள் கண்ணுக்குத் தெரியாமலே நடப்பது. அதை அறிந்துகொண்டே ஒப்படைப்பதுதான் கடினம்.

மறுமுனையில் மெய்ப்பொருள் நாயனார் நிற்கிறார். திருக்கோவலூர் அரசர். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் சிவனடியார் வேடத்தில், சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்து குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். அரசர் அவனைத் தடுத்து, இவர் நம்மவர், பத்திரமாக எல்லைவரை கொண்டுபோய் விடு என்கிறார். விட்டு வந்த செய்தியைக் கேட்ட பிறகே உயிர் விடுகிறார். பெரியபுராணத்தில் அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆனால் சீட்டுப் பணத்தைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் போய் மெய்ப்பொருளாரைப் போல இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மன்னிப்பு அவளாகக் கொடுப்பது; அவளிடம் நாம் கேட்டு வாங்குவதல்ல. அவள் பழிவாங்காமல் இருக்கிறாள், பொய் சொல்லாமல் இருக்கிறாள், கைக்கு எட்டும் வழக்கையும் நடத்துகிறாள், மிச்சத்தை அம்மனிடம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகிறாள். அதுவே பெரிய நோன்பு.

வெட்டிய காசுக்கும் மீட்சி உண்டு. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால் கோயிலுக்கு வந்து அம்மனிடம் சொல்லி வெட்டை முடித்துக்கொள்கிறார்கள். ஆனைமலையிலும் அப்படித்தான். நியாயம் கிடைத்தவர்கள் மறுபடியும் வர வேண்டும். மிளகாய் பூசியது தங்கள் எரிச்சலை ஆற்ற. அந்த எரிச்சல் அவ்வளவு நாளும் கல்லில் இருந்தது. இப்போது எண்ணெய்க் காப்புச் செய்து அவளைக் குளிர வைக்கிறார்கள்.